சர்வோ மெஷினுக்கு இஃப்-எல்ஸ் எழுதுவது எப்படி? குன்னூர் தேயிலை பாக்கெட் மெஷினை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தேயிலை பேக்டரிகளில் பாக்கெட் போடும் மெஷின் பெரும்பாலும் கோயம்புத்தூரிலிருந்து ஏறி வந்ததாக இருக்கும். புரோகிராம் எழுதியவர் இரண்டு மூன்று நாள் தங்கி ஓட்டிக் காட்டிவிட்டு இறங்கிவிடுவார். பிறகு ஒரு நாள் ராத்திரி ஷிப்டில் மெஷின் நிற்கும். திரையில் ஒன்றும் வராது. மோட்டாரில் சூடு இல்லை, டிரைவில் (மோட்டாரை ஓட்டும் மின்பெட்டியில்) சிவப்பு விளக்கும் இல்லை, சும்மா நிற்கும். போன் போட்டால், "காலையில் வருகிறேன்" என்பார். மழை நாளாக இருந்து பர்லியார் பக்கம் மண் சரிந்திருந்தால் காலையும் நிச்சயமில்லை.

இப்படிக் காரணம் சொல்லாமல் மெஷின் நிற்பதை நோண்டிப் பார்த்தால், அநேகமாக ஒரு இஃப் நிபந்தனையில்தான் போய் முடியும். "இது நடந்தால் அதைச் செய்" என்று எழுதியிருப்பார்கள். நடக்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதியிருக்க மாட்டார்கள். மோட்டார் அசைவுகளை நடத்தும் மோஷன் கன்ட்ரோலரில் இஃப் எழுதும்போது இரண்டு கேள்விகளை விடாமல் கேட்க வேண்டும்: இந்த நிபந்தனையைக் கன்ட்ரோலர் எந்த நேரத்தில் படிக்கிறது? பொய்யாகவே இருந்துவிட்டால் மெஷின் என்ன செய்யும்? இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டும்தான்.

ஐடிஐ அல்லது டிப்ளமோ முடித்து, பிஎல்சியில் லேடர் கொஞ்சம் பழகி, இப்போது சர்வோவை, அதாவது சொன்ன இடத்துக்குச் சரியாக நகர்ந்து நிற்கும் மோட்டாரை, தொடப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரண வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். மென்பொருளில் அடிக்கும்போது இஃப், தென், எல்ஸ், கேஸ் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

நம் மெஷின்

100 கிராம் டஸ்ட் தூளை பவுச்சில் போடும் மெஷின் என்று வைத்துக்கொள்வோம். ஃபிலிம் ரோலிலிருந்து ஒரு பாக்கெட் நீளத்தை, அதாவது 150 மில்லிமீட்டரை, ஒரு சர்வோ இழுக்கும். சீல் போடும் ஜா மூடும். மேலே ஆகர் என்ற திருகு இன்னொரு சர்வோவில் சுற்றித் தூளைக் கொட்டும். ஜா திறக்கும், மறுபடி இழுப்பு. நிமிடத்துக்கு 40 பாக்கெட் என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை விநாடி.

படி 1: கீபோர்டைத் தொடுவதற்கு முன் பேப்பரில் எழுதுங்கள்

ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று வரி போதும். தொடங்க என்னென்ன இருக்க வேண்டும், முடிந்தது என்று எப்படித் தெரியும், எவ்வளவு நேரத்துக்குள் முடியாவிட்டால் கோளாறு. ஃபிலிம் இழுப்புக்கு எழுதிப் பாருங்கள்: ஜா முழுசாகத் திறந்திருக்க வேண்டும், காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும், ஃபிலிம் தீர்ந்திருக்கக் கூடாது, டிரைவ் ஆனில் இருக்க வேண்டும், ஆக்சிஸில் (சர்வோ ஓட்டும் அச்சில்) பிழை இருக்கக் கூடாது. முடிந்ததற்கு அடையாளம் கன்ட்ரோலர் தரும் டன் பிட். அரை விநாடியில் முடிய வேண்டியது 2 விநாடி ஆனால் கோளாறு.

இன்புட்டுகளுக்குப் பெயர் வைக்கும்போது நல்லதைச் சொல்லும் பெயராக வையுங்கள். "காற்று_கோளாறு" வேண்டாம், "காற்று_சரி" என்று வையுங்கள். வயரிங்கும் அதற்கேற்ப இருக்கட்டும்: எல்லாம் சரியாக இருக்கும்போது சிக்னல் வர வேண்டும். கேபிளை எலி கடித்தாலும் டெர்மினல் கழன்றாலும் சிக்னல் போய்விடும், நிபந்தனை பொய்யாகும், மெஷின் நிற்கும். தலைகீழாக வயர் செய்தால், அறுந்த கேபிளை "கோளாறு இல்லை" என்று படித்துக்கொண்டு மெஷின் ஓடும்.

படி 2: உங்கள் கன்ட்ரோலர் எந்த ரகம் என்று பாருங்கள்

இதைக் கவனிக்காமல் ஒரு ரகத்தில் பழகிய கையோடு இன்னொன்றில் எழுதப் போனால் இஃப் எல்லாம் குழம்பிவிடும்.

ஒரு ரகம் ஸ்கேன் முறை. ஐஇசி 61131-3 தரத்தின்படி ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் எழுதுவது இதில் சேரும். புரோகிராம் முழுவதும் மேலிருந்து கீழ்வரை சில மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு இஃப் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகப் படிக்கப்படும். இதில் காத்திருப்பு என்று எதுவும் கிடையாது. நிபந்தனை பொய் என்றால் தாண்டிப் போய், அடுத்த சுற்றில் மறுபடி வந்து பார்க்கும்.

இன்னொரு ரகம் வரிசை முறை. டிரியோ நிறுவனத்தின் பேசிக், கலில் நிறுவனத்தின் இரண்டெழுத்துக் கட்டளைகள் இந்த வகை. வரி வரியாகப் போகும், ஒரு இஃபை அந்த வரிக்கு வந்த நொடியில் ஒரே ஒரு முறை படிக்கும். இங்கே வழுக்கும் இடம் எது என்றால், அசைவுக் கட்டளையைக் கொடுத்ததும் புரோகிராம் அடுத்த வரிக்குப் போய்விடும். மோட்டார் அப்போதுதான் நகரத் தொடங்கியிருக்கும்.

மூவ்(150)
இஃப் இப்போதைய_இடம் > 149 தென் ஜா_மூடு

படிக்கும்போது சரியாகத்தான் தெரியும். ஆனால் இரண்டாவது வரி ஓடும்போது ஃபிலிம் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்ந்திருக்காது. இஃப் பொய்யாகும், ஜா மூடாது. டிரியோவில் நடுவே வெயிட் ஐடில் போட வேண்டும். கலிலில் பிஜி கொடுத்து அசைவைத் தொடங்கியபின், அசைவு முடியும்வரை நிறுத்தி வைக்க ஏஎம் வேண்டும். நிபந்தனை உண்மையாகும்வரை காத்திருக்க டிரியோவில் வெயிட் அன்டில் இருக்கிறது. அதையும் கெடு இல்லாமல் போட்டால் விடிய விடியக் காத்திருக்கும்.

இனி வருவது ஸ்கேன் முறைக்கு. இப்போது வரும் மெஷின்களில் அதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

படி 3: இஃபுக்குள் தூண்டுதலை வையுங்கள், பிளாக்கை வைக்காதீர்கள்

பல நிறுவனக் கன்ட்ரோலர்களுக்கும் பொதுவான பிஎல்சிஓபன் முறையில் அசைவுக்கு எம்சி_மூவ்ரிலேட்டிவ், எம்சி_மூவ்அப்சொல்யூட் போன்ற ஃபங்ஷன் பிளாக்குகள் (தயாராக எழுதி வைத்த கட்டளைக் கட்டுகள்) இருக்கின்றன. அவற்றின் எக்ஸிக்யூட் இன்புட் பொய்யிலிருந்து உண்மைக்கு மாறும் அந்த ஏற்றத்தில்தான் அசைவு தொடங்கும். உண்மையாகவே இருந்தால் மறுபடி தொடங்காது. புதிதாக வருகிறவர்கள் இப்படி எழுதுவார்கள்:

இஃப் ஜா_திறந்தது தென்
  ஃபிலிம்_இழு(எக்ஸிக்யூட் := ட்ரூ, தூரம் := 150.0);
எண்ட்_இஃப்;

முதல் பாக்கெட் ஒழுங்காக வரும். ஜா மூடியதும் இஃப் பொய்யாகும், பிளாக்கை யாரும் அழைப்பதில்லை. அழைக்காததால் எக்ஸிக்யூட் கீழே இறங்கியதை அந்தப் பிளாக் பார்ப்பதே இல்லை. அதன் நினைவில் எக்ஸிக்யூட் இன்னும் உண்மைதான். ஜா மறுபடி திறக்கும்போது ஏற்றம் இல்லை, அசைவும் இல்லை. டன், எர்ரர் போன்ற வெளியீடுகளும் கடைசியாக அழைத்தபோது இருந்த நிலையிலேயே உறைந்து கிடக்கும். முன்னே சொன்ன "சும்மா நிற்கும்" மெஷினுக்கு இது அடிக்கடி காணும் காரணம்.

சரியான முறை இது:

இஃப் ஜா_திறந்தது அண்ட் காற்று_சரி அண்ட் ஃபிலிம்_உண்டு தென்
  இழு := ட்ரூ;
எண்ட்_இஃப்;

ஃபிலிம்_இழு(எக்ஸிக்யூட் := இழு, தூரம் := 150.0);

இஃப் ஃபிலிம்_இழு.டன் தென்
  இழு := ஃபால்ஸ்;
எண்ட்_இஃப்;

பிளாக் எல்லா ஸ்கேனிலும் ஓடுகிறது. இஃபுக்குள் ஒரு பிட் மட்டும் மாறுகிறது. ஆனால் இதையும் இப்படியே விட முடியாது. இழுப்பு முடிந்த பிறகும் ஜா திறந்தே இருந்தால் அடுத்த ஸ்கேனில் இழு மறுபடி உண்மையாகும். பிளாக்கை அழைக்கும் வரி அந்த இஃபுக்கும் டன் வரிக்கும் நடுவில் இருப்பதால் மட்டுமே அது பிளாக்குக்கு ஏற்றமாகத் தெரிவதில்லை. யாராவது டன் வரியைப் பிளாக்குக்கு மேலே ஏற்றிவிட்டால் இன்னொரு 150 மில்லிமீட்டர் ஓடும், ஃபிலிம் தரையில் குவியும். அதைத் தடுக்கத்தான் படி 5.

படி 4: ஒப்பிடும் குறிகள்

இடத்தைச் சமக்குறி போட்டு ஒப்பிடாதீர்கள். "இஃப் இடம் = 75.0 தென்" என்பது உண்மையாகவே ஆகாமல் போகலாம். ஃபிலிம் விநாடிக்கு 450 மில்லிமீட்டர் வேகத்தில் போகிறது, ஸ்கேன் 4 மில்லிவிநாடி என்றால், ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 1.8 மில்லிமீட்டர் ஓடிவிடும். 74.1 என்று படிக்கும், அடுத்து 75.9. நடுவில் இருந்த 75 யார் கண்ணிலும் படாது. மோட்டார் நின்ற பிறகும் 149.98 என்றுதான் காட்டும். ஆகவே ஓடும்போது "தாண்டிவிட்டதா" என்று கேளுங்கள், நின்றபின் "இந்த எல்லைக்குள் இருக்கிறதா" என்று கேளுங்கள் (ஏபிஎஸ் என்பது மைனஸ் குறியை நீக்கிய மதிப்பு):

இஃப் ஏபிஎஸ்(இடம் - இலக்கு) < 0.3 தென்

ஆகர் போலச் சுற்றிச் சுற்றி வரும் ஆக்சிஸில் இன்னொரு வம்பு. 360 டிகிரி முடிந்ததும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 350 முதல் 10 டிகிரிவரை ஒரு வேலை செய்ய வேண்டும் என்றால் "350-க்கு மேல் அண்ட் 10-க்குக் கீழ்" என்று எழுதினால் எந்தக் கோணமும் அதில் சேராது. பூஜ்யத்தைத் தாண்டும் இடைவெளிக்கு ஆர் போட வேண்டும்.

அண்ட், ஆர் இரண்டும் ஒரே வரியில் வந்தால் அடைப்புக்குறி போடுங்கள். இதைப் பாருங்கள்:

இஃப் கதவு_மூடியது அண்ட் ஆட்டோ ஆர் ஜாக் தென்

ஜாக் என்பது பட்டனை அழுத்தியிருக்கும்வரை மட்டும் நகர்த்துவது. எழுதியவர் மனதில் நினைத்தது கதவு மூடியிருக்க வேண்டும், ஆட்டோவானாலும் ஜாக்கானாலும். கன்ட்ரோலர் அண்டை முதலில் கட்டும். அதற்கு இதன் பொருள்: கதவு மூடி ஆட்டோவில் இருந்தால் ஓடு, இல்லை ஜாக் பட்டன் அழுத்தினால் கதவு எப்படி இருந்தாலும் ஓடு. சிக்கிய ஃபிலிமை எடுக்கக் கையை உள்ளே விடுகிறவருக்கு இது விளையாட்டில்லை. "கதவு_மூடியது அண்ட் (ஆட்டோ ஆர் ஜாக்)" என்று எழுதினால் சரியாகிவிடும்.

அப்படியே எழுதினாலும், ஆளைக் காப்பாற்றும் வேலையை இஃபிடம் விடக்கூடாது. எமர்ஜென்சி பட்டனும் கார்டு சுவிட்சும் சேஃப்டி ரிலே வழியாக டிரைவின் எஸ்டிஓ முனைகளுக்கு (மோட்டாரின் டார்க்கை, அதாவது திருப்பும் விசையை, துண்டிக்கும் முனைகளுக்கு) நேராகப் போக வேண்டும். புரோகிராம் தொங்கிப்போனாலும் டார்க் அறுந்துவிட வேண்டும். அந்தச் சிக்னலின் நகல் ஒன்று இன்புட்டுக்கு வரட்டும், எதனால் நின்றது என்று திரையில் சொல்வதற்கு. அதற்கு மேல் அந்த விஷயத்தில் சாதாரண இஃபுக்கு வேலை கிடையாது.

படி 5: சுற்று முழுவதையும் கேஸில் கட்டுங்கள்

தனித்தனி இஃப்கள் பத்து இருந்தால் ஒன்றின் காலை மற்றொன்று வாரிவிடும். மெஷின் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, அந்த நிலைக்கு உரிய நிபந்தனைகளை மட்டும் பார்ப்பதே வழி.

டைமர்(இன் := (நிலை = முந்தைய_நிலை), பிடி := டி#1எச்);
முந்தைய_நிலை := நிலை;

கேஸ் நிலை ஆஃப்

10: // ஜா திறக்க வேண்டும்
  இஃப் ஜா_திறந்தது அண்ட் காற்று_சரி அண்ட் ஃபிலிம்_உண்டு தென்
    இழு := ட்ரூ;
    நிலை := 20;
  எல்ஸிஃப் டைமர்.இடி > டி#800எம்எஸ் தென்
    இஃப் நாட் காற்று_சரி தென் பிழை := 11;
    எல்ஸிஃப் நாட் ஃபிலிம்_உண்டு தென் பிழை := 12;
    எல்ஸ் பிழை := 13;
    எண்ட்_இஃப்;
    நிலை := 900;
  எண்ட்_இஃப்;

20: // ஃபிலிம் இழுப்பு
  இஃப் ஃபிலிம்_இழு.எர்ரர் தென்
    பிழை := 21; நிலை := 900;
  எல்ஸிஃப் ஃபிலிம்_இழு.கமாண்ட்அபார்ட்டட் தென்
    பிழை := 22; நிலை := 900;
  எல்ஸிஃப் ஃபிலிம்_இழு.டன் தென்
    இழு := ஃபால்ஸ்; நிலை := 30;
  எல்ஸிஃப் டைமர்.இடி > டி#2எஸ் தென்
    பிழை := 23; நிலை := 900;
  எண்ட்_இஃப்;

900: // கோளாறு
  இழு := ஃபால்ஸ்;
  ஜா_மூடு := ஃபால்ஸ்;
  இஃப் ரீசெட்_பட்டன் அண்ட் ஆக்சிஸ்_சரி தென்
    பிழை := 0; நிலை := 0;
  எண்ட்_இஃப்;

எண்ட்_கேஸ்;

ஜா மூடுவது, ஆகர் சுற்றுவது என 30 முதல் வரும் நிலைகளை இதே மாதிரி எழுதிக்கொள்ளுங்கள்; நிலை 0 படி 8-இல் வருகிறது. படி 3-இன் ஃபிலிம்_இழு வரி எண்ட்_கேஸுக்குக் கீழே, கேஸுக்கு வெளியே இருக்கட்டும். மேலே இருக்கும் டைமர் வரியைக் கவனியுங்கள். அதில் பிடி என்பது வைத்த நேரம், இடி என்பது இதுவரை ஓடிய நேரம். நிலை மாறிய அடுத்த ஸ்கேனில் இன் பொய்யாகி டைமர் பூஜ்யத்துக்கு வரும். எந்த நிலைக்குப் போனாலும் அங்கே இருந்த நேரத்தை இந்த ஒரே டைமர் சொல்லிவிடும். நிலைக்கு ஒரு டைமர் வைத்து அதை ரீசெட் செய்ய மறக்கும் தொல்லை இல்லை.

நிலை 20-இல் எர்ரரும் கமாண்ட்அபார்ட்டடும் தனித்தனியாக இருப்பது வீண் வேலை அல்ல. இழுப்பு நடக்கும்போது வேறொரு கட்டளை அதே ஆக்சிஸைப் பிடித்துக்கொண்டால் எர்ரரும் வராது, டன்னும் வராது, கமாண்ட்அபார்ட்டட் மட்டும் வரும். அதைப் பார்க்காமல் விட்டால், 2 விநாடி கழித்துப் பொதுவாக ஒரு நேரக் கெடு பிழைதான் கிடைக்கும், எதனால் என்று தெரியாது. ராத்திரி ஷிப்டில் 11-க்கும் 13-க்கும் உள்ள வித்தியாசம் பெரிது: 11 என்றால் கம்ப்ரஸரைப் பார்க்கலாம், 13 என்றால் ஜா சென்சாரைப் பார்க்கலாம்.

படி 6: ஐ-மார்க், மூடுபனி

பாக்கெட்டின் படம் சரியான இடத்தில் வெட்டுப்பட வேண்டும் என்று ஃபிலிமில் ஒரு கறுப்புப் பட்டை அச்சிட்டிருப்பார்கள். அதுதான் ஐ-மார்க். அதைப் பார்க்கும் சென்சாரைச் சாதாரண இன்புட்டில் கொடுத்து, "மார்க் வந்தால் இடத்தைக் குறித்துக்கொள்" என்று இஃப் எழுதினால் படி 4-இல் பார்த்த அதே 1.8 மில்லிமீட்டர் இங்கேயும் ஆடும். பாக்கெட்டுக்குப் பாக்கெட் படம் மேலும் கீழும் நகரும். இதற்கு டிரைவிலோ கன்ட்ரோலரிலோ இருக்கும் டச் புரோப் இன்புட் வேண்டும். மார்க் பட்ட கணத்திலேயே என்கோடர் (மோட்டாரின் இடத்தை அளக்கும் கருவி) மதிப்பை ஹார்டுவேர் பிடித்து வைத்துவிடும். நம் இஃப் பிறகு நிதானமாக அந்த எண்ணைப் படித்தால் போதும்.

எம்சி_டச்புரோப் பிளாக்கில் முதல் இடம், கடைசி இடம் என்று ஒரு ஜன்னல் கொடுக்கலாம். அதற்கு வெளியே எது தென்பட்டாலும் கண்டுகொள்ளாது. நீலகிரியில் இந்த ஜன்னலைக் கட்டாயம் போடுங்கள். சாயங்காலம் பனி இறங்கும் நேரம் பாக்கெட்டிங் அறையின் கதவைத் திறந்து வைத்தால் சென்சார் கண்ணாடியில் ஈரம் படியும், அதன் மேல் தேயிலைத் தூசி ஒட்டும். மார்க் இல்லாத இடத்தில் சென்சாரின் மஞ்சள் விளக்கு மினுக்கும், மார்க் இருக்கும் இடத்தில் அணைந்து கிடக்கும். மெஷினில் நிற்கும் அக்கா முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டு ஸ்டார்ட்டை அழுத்துவார். அவருக்குத் தெரிந்த இந்தக் காரணம் புரோகிராமுக்கும் தெரிய வேண்டும். கீழே வித்தியாசம் என்பது மார்க் இருக்க வேண்டிய இடத்துக்கும் கிடைத்த இடத்துக்கும் உள்ள மில்லிமீட்டர்.

இஃப் நாட் மார்க்_கிடைத்தது தென்
  தவறிய_மார்க் := தவறிய_மார்க் + 1;
  திருத்தம் := 0.0;
எல்ஸிஃப் ஏபிஎஸ்(வித்தியாசம்) > 3.0 தென்
  தவறிய_மார்க் := தவறிய_மார்க் + 1;
  திருத்தம் := 0.0;
எல்ஸிஃப் ஏபிஎஸ்(வித்தியாசம்) > 0.5 தென்
  தவறிய_மார்க் := 0;
  திருத்தம் := வித்தியாசம் * 0.5;
எல்ஸ்
  தவறிய_மார்க் := 0;
  திருத்தம் := 0.0;
எண்ட்_இஃப்;

இஃப் தவறிய_மார்க் >= 3 தென்
  பிழை := 31; நிலை := 900;
எண்ட்_இஃப்;

இந்தக் கட்டு இழுப்பு முடிந்ததும் ஒரு பாக்கெட்டுக்கு ஒருமுறை மட்டும் ஓட வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனிலும் ஓடவிட்டால் தவறிய ஒரே மார்க்குக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் மூன்று எண்ணிவிடும். எல்ஸிஃப் வரிசையும் முக்கியம். முதலில் உண்மையாவது எதுவோ அது மட்டும்தான் ஓடும். 0.5 வரியை 3.0 வரிக்கு மேலே எழுதினால் 3.0 வரிக்கு ஒரு நாளும் முறை வராது. 10 மில்லிமீட்டர் தப்பினாலும் "திருத்தம்" செய்துகொண்டிருக்கும். ஒரு மார்க் தவறியதற்கே மெஷினை நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. ஒன்றிரண்டுக்குக் கணக்குப்படி 150 இழுத்துப் போகட்டும். மூன்றாவதற்கு நிற்கட்டும். 31-க்குத் திரையில் "மார்க் தெரியவில்லை, சென்சார் கண்ணாடியைத் துடைக்கவும்" என்று தமிழில் வரட்டும்.

படி 7: உயரம், சூடு, இரட்டை வரம்பு

பல டிரைவ்களின் கையேட்டில் முழுத் திறன் 1,000 மீட்டர் உயரம்வரைதான் என்றும், அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 1 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கும். காற்று மெலிந்தால் ஹீட்சிங்க் குளிர்வது குறையும். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர், ஊட்டி 2,240. அதாவது 8 முதல் 12 சதவீதம் போய்விடும். "இங்கே குளிர்தானே சார்" என்பார்கள். வெளியில் குளிர்தான், மூடிய பேனலுக்குள் அல்ல. கோயம்புத்தூரில் தாக்குப்பிடித்த வேகம் இங்கே ஓவர்ஹீட் டிரிப்பில் முடியலாம். டிரிப் ஆகும்முன் வேகத்தைக் குறைக்க ஒரு நிபந்தனை வையுங்கள்:

இஃப் டிரைவ்_சூடு > 75.0 தென்
  வேக_சதவீதம் := 70;
எல்ஸிஃப் டிரைவ்_சூடு < 65.0 தென்
  வேக_சதவீதம் := 100;
எண்ட்_இஃப்;

எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் டிரைவின் கையேட்டில் உள்ளதைப் போடுங்கள். இங்கே எல்ஸ் வேண்டுமென்றேதான் இல்லை. 65-க்கும் 75-க்கும் நடுவில் இருக்கும்போது பழைய வேகமே தொடர வேண்டும். ஒரே வரம்பு 75 என்று வைத்தால் 74.9, 75.1 என்று ஊசலாடி, மெஷின் வேகமும் கூடவே ஏறி இறங்கும். ஆகரில் அதே ஆட்டம் எடையில் தெரியும்.

படி 8: கரண்ட் போய் வந்தால்

ஜூன் காற்றிலும் ஐப்பசி மழையிலும் லைன் மேல் கிளை விழுவது இங்கே சாதாரணம். கரண்ட் திரும்பி வந்ததும் மெஷின் தானாக நகரக் கூடாது. மெஷின் மின்பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 தரமும் அதைத்தான் கேட்கிறது. எனவே "நிலை", "இழு" என்ற மாறிகளை ரீட்டெய்ன் நினைவில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவில்) வைக்காதீர்கள். வைத்தால் கரண்ட் போனபோது இருந்த 20-லேயே எழுந்து நின்று இழுக்கப் பார்க்கும். எப்போதும் 0-வில் தொடங்கட்டும், அங்கே இது இருக்கட்டும்:

0:
  இஃப் நாட் ஹோம்_ஆனது தென்
    செய்தி := 1; // ஹோம் பட்டனை அழுத்தவும்
  எல்ஸிஃப் ஸ்டார்ட்_ஏற்றம் தென்
    செய்தி := 0; நிலை := 10;
  எல்ஸ்
    செய்தி := 2; // தயார், ஸ்டார்ட் அழுத்தவும்
  எண்ட்_இஃப்;

இன்கிரிமென்டல் என்கோடர் என்றால் கரண்ட் போனதும் இடம் மறந்துவிடும், ஹோமிங் (தொடக்க இடத்தைத் தேடிப் பிடிப்பது) தவிர்க்க முடியாது. பேட்டரி வைத்த அப்சொல்யூட் என்கோடர் என்றால் தேவைப்படாது, ஆனால் பேட்டரி குறைந்த எச்சரிக்கைக்கும் ஒரு செய்தி வைத்துவிடுங்கள். ஸ்டார்ட் பட்டனையும் ஏற்றத்தில் படியுங்கள். ஒட்டிக்கொண்ட பட்டன் நேரடி நிலையாகப் படிக்கப்பட்டால் ஹோம் முடிந்த மறு கணம் மெஷின் ஓடத் தொடங்கும்.

படி 9: ஒவ்வொன்றையும் பொய்யாக்கிப் பாருங்கள்

முதலில் மோட்டாரே இல்லாமல், மென்பொருளின் விர்ச்சுவல் ஆக்சிஸில் ஓட்டுங்கள். பிறகு நிஜ மோட்டாரில், 10 சதவீத வேகத்தில் (அதுவரை 2 விநாடிக் கெடுவைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்). நன்றாக ஓடுவதைப் பார்த்து ரசிப்பது சோதனை ஆகாது. ஓடும்போது ஏர் வால்வை மூடுங்கள். ஃபிலிம் சென்சாரின் பிளக்கைக் கழற்றுங்கள். ஜா சென்சாரின் பிளக்கைக் கழற்றுங்கள். மார்க் சென்சாரில் ஈரத் துணி வையுங்கள். மெயினை அணைத்துப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் படி 5, 6-இல் வைத்த பிழை எண் (மெயினுக்கு மட்டும் படி 8-இன் செய்தி) வருகிறதா என்று டிக் அடியுங்கள். எண் வராமல் நின்றால் அங்கே ஒரு எல்ஸ் குறைகிறது. வேறு எண் வந்தால் எல்ஸிஃப் வரிசை பிசகியிருக்கிறது.

சோதனைக்காக இன்புட்டை ஃபோர்ஸ் செய்திருந்தால் (நிஜ சிக்னலை மீறி மதிப்பைத் திணித்திருந்தால்) லேப்டாப்பைக் கழற்றும் முன் ஃபோர்ஸ் பட்டியலைக் காலி செய்யுங்கள். சில கன்ட்ரோலர்களில் கேபிளைப் பிடுங்கினாலும் ஃபோர்ஸ் அப்படியே நிற்கும், "காற்று_சரி" நிரந்தரமாக உண்மையாகிவிடும். பிழை எண் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு லேமினேட் செய்து பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஓடிய புரோகிராமின் பிரதி ஒன்றைத் தேதி போட்டு பேக்டரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மலை இறங்குங்கள்.